கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கும்போது நமக்கும் சந்தோஷம் வேண்டும் என்று எதிர்பார்ப்பது தப்பா?

ஷிப்ட்காரன், பாடாங் செராய்

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்துக் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். வீடு பாடாங் செராயில். தாத்தாவும் பாட்டியும் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை இடித்த பிறகு அப்பா தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்தார். கத்தோலிக்கக் குடும்பம். இந்த வருடம் போனஸ் வந்ததும் அதிலிருந்து 800 வெள்ளியை (ரிங்கிட்) கிறிஸ்துமஸ் தர்மத்துக்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டேன். யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

போன வருடம் ஓர் இல்லத்துக்கு ஆன்லைனில் அனுப்பினேன். நல்ல இல்லம், குறை சொல்ல ஒன்றும் இல்லை. பட்டனை அழுத்தினேன், ரசீது வந்தது, அடுத்ததாக அதே போனில் கரண்ட் பில் கட்டினேன். இரண்டும் முடிந்தபோது மனதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே வாரம் அம்மா முறுக்கும் அதிரசமும் சுட்டு, தட்டில் வைத்துத் துணி மூடி, எங்கள் வரிசையில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தார். எதிர்வீட்டு மலாய் அம்மா மாக்சிக்குக்கு ஒரு தட்டு, கடைசி வீட்டில் தனியாக இருக்கும் சீனப் பாட்டிக்கு ஒரு தட்டு. திரும்பி வந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று முழுக்க அந்தப் பாட்டி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கும் அது வேண்டும். இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று படித்து வளர்ந்தவன் நான். கொடுத்து நான் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைப்பது சுயநலமா? சுயநலம் இல்லை என்றால், அந்த சந்தோஷம் எப்படிக் கொடுத்தால் வரும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கணக்கு அண்ணன், சுங்கை பட்டாணி

தம்பி, மனசு விஷயத்தை மற்றவர்கள் சொல்வார்கள், நான் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1967 வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால், உங்கள் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். டிசம்பர் 31க்குள் கொடுத்தால் இந்த வருடக் கணக்கில் வரும். ரசீதில் அங்கீகார விவரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், 7 வருடம் பத்திரமாக வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்கு வாங்கிக் கொடுக்கும் அரிசிக்குக் கழிவு கிடையாது. அதற்காக அதை நிறுத்திவிடாதீர்கள்.


தையல்கடை அக்கா, பாடாங் செராய்

தம்பி, நானும் நம்ம ஊர்தான். கடைவீதியில் தையல்கடை வைத்திருக்கிறேன்.

முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். வலது கை, இடது கை என்று இயேசு சொல்வதற்கு முந்தின வரியை எடுத்துப் பாருங்கள். தர்மம் செய்யும்போது தெருவில் தாரை ஊதிக்கொண்டு போகாதே என்கிறார். ஊரார் பார்க்க வேண்டும் என்று செய்வதைத்தான் வேண்டாம் என்றார். உள்ளுக்குள் வரும் சந்தோஷத்தை யாரும் தடுக்கவில்லை. முகமலர்ச்சியோடு கொடுக்கிறவர்மேல்தான் கடவுளுக்குப் பிரியம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கு மகிழ்ச்சி ஞாயிறு என்றே பெயர். அன்றைக்கென்று ஒரு ரோஜா நிற மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். சந்தோஷப்படுவதற்குத் திருச்சபையே ஒரு ஞாயிறு ஒதுக்கியிருக்கும்போது நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அடுத்தது, எப்படி என்ற கேள்வி. என் கடையில் நடப்பதைச் சொல்கிறேன்.

பள்ளித் தவணை சில வருடங்கள் மார்ச், பிப்ரவரி என்று தள்ளிப் போயிருந்தது. 2026இலிருந்து மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டது. அதனால் இந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் துணியும் பள்ளிச் சீருடையும் ஒன்றாக வந்து என் மேசையில் குவிந்து கிடக்கின்றன. எங்கள் கோயில் பெண்கள் சிலரும், கடைவீதியில் இருக்கும் இந்து நண்பர்கள் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து நீலத் துணியும் வெள்ளைத் துணியும் சுருளாக வாங்கிப் போட்டுவிடுவார்கள். தைப்பது என் வேலை, கூலி கிடையாது. தோட்டத்திலிருந்தும் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு அதில் பினாஃபோரும் (சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கவுன்) சட்டையும் தைக்கிறோம்.

ஆனால் இனாமாகக் கொடுப்பதில்லை. ஒரு செட்டுக்கு 5 வெள்ளி வாங்குகிறேன். துணி விலைக்கே அது காணாது. தொடங்கும்போது எங்கள் குழுவில் இதற்கு எதிர்ப்பு வந்தது: தர்மம் என்று சொல்லிவிட்டுக் காசு வாங்கலாமா என்று கேட்டார்கள். நான் பிடிவாதமாக நின்றேன். 5 வெள்ளி கொடுக்கும் அம்மா வாடிக்கையாளராக உள்ளே வருகிறார். பிள்ளையை ஸ்டூலில் நிறுத்தி நான் அளவெடுக்கும்போது, இடுப்பில் கொஞ்சம் தளர்வாக வையுங்கள், இவள் சட்டென்று வளர்கிறாள் என்று சொல்கிறார். சும்மா வாங்கிக்கொள்பவரால் அப்படிச் சொல்ல முடியாது. கிடைத்ததே போதும் என்று தலையாட்டிவிட்டுப் போவார்.

ஒரு வருடம் ஒரு தாய் தைத்த பினாஃபோரைத் திருப்பிக்கொண்டு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. பாக்கெட் ரொம்பக் கீழே இருக்கிறது, பிள்ளைக்குக் கை எட்டவில்லை, மாற்றித் தாருங்கள் என்றார். கொஞ்சமும் குழையாமல், நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். தையலைப் பிரித்து பாக்கெட்டை மேலே ஏற்றித் தைத்துக் கொடுத்தேன். தம்பி, அந்த டிசம்பர் முழுக்க நான் தைத்ததில் எனக்கு அதிக நிறைவு தந்தது அந்த பாக்கெட்தான். நன்றி சொன்னவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். குறை சொன்ன ஒருவர்தான் என்னை ஆனந்தப்படுத்தினார். என்னிடம் குறை சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியதே, அதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னொன்று. பாவாடை மடிப்பில் 3 அங்குலம் விட்டுத்தான் தைப்பேன். அடுத்த வருடம் பிள்ளை உயர்ந்ததும் கொண்டுவந்தால் மடிப்பை இறக்கிக் கொடுப்பேன். அதனால் என் சந்தோஷம் டிசம்பர் 25ஆம் தேதியோடு தீர்ந்துபோவதில்லை. நடு வருடத்தில் காலையில் கடை திறக்க வரும்போது பள்ளி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். என் தையல் எனக்குத் தெரியும், தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வேன். அந்தப் பிள்ளைகளுக்கு என்னை ஞாபகம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

வாங்கிக்கொள்ளவும் பழகுங்கள். பேத்திக்குச் சீருடை தைத்துக்கொண்டு போகும் ஒரு பாட்டி, பழைய பால்மரத் தொழிலாளி, மறுவாரம் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வருவார். அவர் வீட்டுப் பின்னால் ஒரு மரம் நிற்கிறது. வேண்டாம் பாட்டி, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வாங்கி, அன்றைக்கே சமைத்து, எப்படி இருந்தது என்றும் அடுத்த தடவை சொல்வேன். கொடுத்த சந்தோஷம் எனக்கு இருக்கிறது என்றால் அவருக்கும் அது வேண்டாமா?

இப்போது உங்கள் விஷயம். ஆன்லைனில் அனுப்பியபோது ஒன்றும் தெரியாததற்குக் காரணம், அந்தப் பணம் எந்த வீட்டு அடுப்புக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கடைசி வீட்டுப் பாட்டியைத் தெரியும். அவருக்குப் பல் இல்லை, முறுக்கு ஆகாது, அதிரசம்தான் வைக்க வேண்டும் என்பது வரைக்கும் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். 800 வெள்ளியை 80 பொட்டலமாகப் பிரிக்காதீர்கள். ஒரு குடும்பம், மிஞ்சினால் இரண்டு. அந்த வீட்டில் என்ன குறைகிறது என்று கேட்டு அதை முழுசாகச் செய்யுங்கள். நீங்கள் டெக்னீஷியன் வேறு. காத்தாடி (ஃபேன்) சுற்றாத வீடு எத்தனை இருக்கிறது நம்ம ஊரில்! நான் பணம் கொடுத்த இடத்தைவிட என் கைத்தொழிலைக் கொடுத்த இடத்தில்தான் எனக்கு மனம் நிறைந்திருக்கிறது.


நர்ஸ் தங்கச்சி, கூலிம்

அக்கா சொல்வதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. வேலைக்கு நடுவே பகுதிநேரமாக உளவியல் படிக்கிறேன். ஷிப்ட்காரன் அண்ணனின் கேள்வியை ஆராய்ச்சியாளர்கள் அப்படியே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் 2008இல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இதில் முக்கியம். காலையில் ஆளுக்கு ஓர் உறை கொடுத்தார்கள். சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20 டாலர். சாயங்காலம் 5 மணிக்குள் செலவழித்துவிட வேண்டும். பாதிப்பேர் தங்களுக்கே செலவழிக்கவும், மற்றவர்கள் இன்னொருவருக்கோ தர்மத்துக்கோ செலவழிக்கவும் சொல்லப்பட்டார்கள். மாலையில் கேட்டபோது பிறருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பதில் வித்தியாசம் வரவில்லை. அம்மாவின் மாவும் எண்ணெயும் ஞாபகம் வருகிறதா அண்ணே?

ஆன்லைனில் அனுப்பியபோது ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு 2013இல் வந்த இன்னோர் ஆய்வு பதில் சொல்கிறது. அக்னினும் டன்னும் அதிலும் இருந்தார்கள். ஒரு பக்கம் யுனிசெப்புக்குப் பொதுவாக நன்கொடை. மறுபக்கம், 10 டாலருக்கு மலேரியாவைத் தடுக்கும் ஒரு கொசுவலை என்று தெளிவாகச் சொல்லும் திட்டத்துக்கு நன்கொடை. கொசுவலைக்குக் கொடுத்தவர்களிடம் கூடக் கொடுக்கக் கொடுக்க சந்தோஷமும் கூடியது. பொதுவாகக் கொடுத்தவர்களிடம் அப்படி ஆகவில்லை. யுனிசெப் செய்வது பெரிய வேலை, அதில் சந்தேகமே இல்லை. கொடுத்தவர் கண்ணுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், 2019இல் எட் ஓப்ரையனும் சமந்தா கசிரரும் செய்த ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 5 நாள், தினமும் 5 டாலர், தினமும் ஒரே விஷயத்துக்குத்தான் செலவு. தனக்கே செலவழித்தவர்களின் சந்தோஷம் நாளுக்கு நாள் இறங்கியது. பிறருக்குக் கொடுத்தவர்களுக்கு ஐந்தாம் நாளும் கிட்டத்தட்ட முதல் நாள் மாதிரியே இருந்தது. வருடா வருடம் அதே அதிரசத்தைச் சுட்டும் உங்கள் அம்மாவுக்கு ஏன் அலுக்கவில்லை என்று இப்போது புரியும்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. பிற்பாடு ஆயிரக்கணக்கானவர்களை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோதும் இந்தப் பலன் தெரிந்தது, ஆனால் அளவில் சிறியதாகத்தான் இருந்தது. கவலை எல்லாம் பறந்துபோகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.


டீச்சரம்மா, லூனாஸ்

சுருக்கமாக ஒரு வழி சொல்கிறேன். 2025இல் அரசாங்கம் ஆகஸ்ட் 31 முதல் 18 வயதான எல்லாக் குடிமக்களுக்கும் அடையாள அட்டையில் போட்ட சாரா (அடிப்படைச் சாமான் வாங்கும் உதவித்தொகை) 100 வெள்ளி, அந்த டிசம்பர் 31 வரைக்கும்தான் செல்லுபடியானது. பென்ஷன் வாங்கும் எங்களுக்கு அது அவசியத் தேவை இல்லை. நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் அட்டைகளில் அரிசியும் மற்ற சாமானும் வாங்கி, எங்கள் பங்கில் (தேவாலயத்தில்) இருக்கும் வின்சென்ட் தே பவுல் என்னும் உதவிச் சபையிடம் கொடுத்துவிட்டோம். அவர்கள் இரண்டு இரண்டு பேராக வீட்டுக்கே போய்ப் பார்ப்பவர்கள், யார் வீட்டுக்குப் போனோம் என்று வெளியில் சொல்லமாட்டார்கள். எந்தக் குடும்பம் என்று தெரியாத உங்களைப் போன்றவர்கள் அவர்களோடு சேர்ந்து ஒரு தடவை போய் வாருங்கள்.


லயத்துப் பையன், கோலக்கெட்டில்

நான் வாங்கிய பக்கத்திலிருந்து பேசுகிறேன். இந்தக் கேள்விக்கு எங்களிடமும் ஒரு பதில் இருக்கிறது.

அப்பா இறந்த பிறகு அம்மா ஒருவர் சம்பளத்தில் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். ஒரு டிசம்பரில் ஒரு கூட்டம் பேனரோடு வந்தார்கள். எங்களை வரிசையில் நிறுத்தி, கூடையை ஒரு கையால் அவர்களும் ஒரு கையால் நாங்களும் பிடித்தபடி படம் எடுத்தார்கள். அந்தப் படம் வெளியே வந்தது, பள்ளியில் எல்லாரும் பார்த்தார்கள். கூடையில் இருந்த பிஸ்கட்டின் ருசி மறந்துவிட்டது, வகுப்பில் அன்று உட்கார்ந்திருந்தது மறக்கவில்லை. கொடுத்தவர்கள் அன்றைக்கு நிச்சயம் சந்தோஷமாகத்தான் வீடு போயிருப்பார்கள். அதனால் ஷிப்ட்காரன், நம் சந்தோஷத்தை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். வாங்கியவர் மறுநாள் உங்களைத் தெருவில் பார்த்தால் நின்று பேசுவாரா, ஒதுங்கிப் போவாரா என்று பாருங்கள்.

அதே தோட்டத்தில் ஒரு லோரி டிரைவர் மாமா இருந்தார். கேரல் பாடப் போகும்போது என்னைக் கூப்பிட்டு, விளக்கு பிடிக்க ஆள் வேண்டும், வா என்பார். நாங்கள் இந்துக் குடும்பம், அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. வீடு வீடாக விளக்கைத் தூக்கிக்கொண்டு போவேன், இந்து வீடுகளிலும் காப்பி போட்டு வைத்துக் காத்திருப்பார்கள். முடிந்ததும் மற்ற பாடகர்களுக்குக் கொடுத்த மாதிரியே எனக்கும் அங்பாவ் (அன்பளிப்புப் பண உறை) கொடுப்பார். என் உறையில் மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கும். இது அம்மாவுக்கும் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

இப்போது தோட்டங்களில் நம்மவர்கள் குறைந்துவிட்டார்கள். இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளிகள்தான் அதிகம். இந்தோனேசியர்களில் புளோரஸ் தீவிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். டீச்சரம்மா சொன்ன சாரா அவர்களுக்குக் கிடையாது, குடிமக்கள் இல்லையே. கிறிஸ்துமஸ் இரவுப் பூசை முடிந்து அவர்கள் கோயில் வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்திருக்கிறேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் சிலருக்கு நான் செய்வது ஒன்றுதான்: அன்று காலையிலேயே அவர்கள் போனுக்கு 10 வெள்ளி டாப்அப் போட்டுவிடுகிறேன், ஊருக்கு வீடியோவில் பேச. அவர்களிடம் கேட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். கேட்காமல் இருந்திருந்தால் நானும் பிஸ்கட்டுதான் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.


ஷிப்ட்காரன், பாடாங் செராய்

எல்லாருக்கும் நன்றி. லயத்துப் பையன் அண்ணே, நீங்கள் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், கண் கலங்கிவிட்டார். தையல்கடை அக்கா சொன்னது நிஜம்: கடைசி வீட்டுப் பாட்டிக்கு அம்மா முறுக்கு வைப்பதே இல்லை, இரண்டு பங்கு அதிரசம்தான்.

ஒரு குடும்பத்தை முழுசாகப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் தாமானுக்குப் பின்னால், மூன்று பிள்ளைகளோடு ஓர் அம்மா இருக்கிறார். மூவருக்கும் ஜனவரியில் பள்ளி. அக்கா, சீருடைக்கு உங்கள் கடைக்கு வரச் சொல்லவா? சப்பாத்தும் (ஷூ) பையும் நான் வாங்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் காத்தாடி ஒன்று ஆடிக்கொண்டே சுற்றுவதை வாசலிலிருந்து பார்த்தேன், அதையும் சரிசெய்து கொடுக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத நான் போய் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?


தையல்கடை அக்கா, பாடாங் செராய்

தாராளமாக வரச் சொல்லுங்கள். 5 வெள்ளி அவர் கையால்தான் வர வேண்டும், நீங்கள் கட்டிவிடாதீர்கள்.

நீங்கள் தனியாகப் போக வேண்டாம். முதல் தடவை அம்மா போகட்டும், கையில் அதிரசத் தட்டோடு. பேச்சுவாக்கில் என் கடையைப் பற்றிச் சொல்லட்டும். காத்தாடி விஷயத்தை அடுத்த தடவை எடுக்கலாம், என் மகனுக்கு இந்த வேலை தெரியும், பார்க்கச் சொல்லட்டுமா என்று அம்மாவே கேட்பார்.

சப்பாத்தைக் கண் அளவில் வாங்காதீர்கள். பிள்ளையை ஒரு தாளின்மேல் நிற்க வைத்து, இரண்டு காலையும் பென்சிலால் சுற்றி வரைந்து கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டு காலும் ஒரே அளவில் இருக்காது. முன்னால் ஒரு விரல் இடம் விட்டுப் பாருங்கள். கறுப்பு சப்பாத்துதான், வெள்ளை இப்போது கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கடைகளில் சின்ன அளவுகள் தீர்ந்துபோகும், சீக்கிரம் போங்கள். பை வாங்கும்போது மூத்த பிள்ளையையே நிறம் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

அளவெடுக்க சனிக்கிழமை காலையில் வந்தால் எனக்கு வசதி, மத்தியானம் கூட்டமாகிவிடும். மூன்று பிள்ளைகளையும் ஒன்றாகவே கூட்டிவரச் சொல்லுங்கள்.